‘எப்பவாவது சார்’

“தண்ணிப் பழக்கம் உண்டுங்களா?” என்று டாக்டர் கேட்டபோது என் வலது பக்கம் மனைவியும் இடது பக்கம் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். “எப்பவாவது சார்” என்றேன். அவர் தலையைத் தூக்காமல் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 2023 பிப்ரவரியில் நடந்தது இது. ஆறு வாரம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தபோது இந்த ‘எப்பவாவது’தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் டாக்டர் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறவன். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது கொஞ்சமாகக் குடிக்கலாமா என்று கேட்டால் எனக்கு அன்றைக்கு இரண்டே பதில்தான் கிடைத்தது: ஒன்று, “தொட்டீன்னா செத்துருவே”; இன்னொன்று, “ஒண்ணும் ஆகாது மாப்ள”. இரண்டுமே சரியில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதற்கு முந்தின நான்கு மாதம் தனிக்கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வயிற்றால் போகும், கூடவே சிவப்பாக ரத்தமும் சளியும். உள்ளூரில் மூலம் என்றார்கள். களிம்பு, சூரணம், துத்திக்கீரை, கருணைக்கிழங்கு என்று எல்லாம் பார்த்து ஏறக்குறைய 14,000 ரூபாய் போனது. கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரத்தில் கழிவறைக்குப் பக்கத்திலேயே என் மேசையை நகர்த்திப் போட்டுக்கொண்டேன், அவமானமாகத்தான் இருந்தது. கடைசியில் கோயம்புத்தூர் போய் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்ததும்தான் அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்று தெரிந்தது. பெருங்குடலின் உள்சுவரை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கிப் புண்ணாக்கிவிடுகிற நோய். குடல் புண்ணுக்கான மெசலமின் மாத்திரையோடு ப்ரெட்னிசொலோன் ஸ்டீராய்டு எழுதினார்கள். முதல் வாரம் தினமும் 40 மில்லிகிராம், பிறகு வாரத்துக்கு 5 மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டே வந்து எட்டு வாரத்தில் நிறுத்த வேண்டும். கூடவே கால்சியம், இரும்புச்சத்து, வயிற்று அமிலத்தைக் குறைக்க பான்டோபிரசோல். மூலத்துக்கு அலையாமல் முதல் மாதமே குடல் டாக்டரிடம் போயிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் உண்டு.

ஸ்டீராய்டு வேலை செய்த வேகத்தை நான் வாழ்க்கையில் எந்த மருந்திலும் பார்த்ததில்லை. பத்தே நாளில் ரத்தம் நின்றது, பசி வந்தது, அதுவும் சாதாரணப் பசியா, காலையில் எட்டு இட்லி தின்றுவிட்டுப் பதினொரு மணிக்கு பரோட்டா கடையைத் தேடுகிற பசி. முகம் உருண்டையானது. “என்ன, நல்லாப் பூசுனாப்புல இருக்கறீங்க” என்று ஊரே சந்தோஷப்பட்டது. சுறுசுறுப்பு தாங்கவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பீரோவைக் காலி செய்து துணி மடித்தேன். உடம்பு சரியாகிவிட்டது என்றே நம்பினேன். எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, எத்தனை மாத்திரை விழுங்குவது என்று பான்டோபிரசோலை மூன்றாவது வாரம் நானாகவே நிறுத்தினேன். நெஞ்செரிச்சல் எதுவும் இல்லை, அப்புறம் எதற்கு என்று. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குகிற மருந்து; வலி, காய்ச்சல் மாதிரி உடம்பு கொடுக்கிற எச்சரிக்கையையும் சேர்த்தே அமுக்கிவிடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நாட்களில் ‘எனக்கு நல்லாத்தான் இருக்கு’ என்ற எண்ணத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அந்த மூன்றாவது வாரம் சனிக்கிழமைதான் முதல் தடவை. எனக்கு முன்பிருந்தே சனிக்கிழமை ராத்திரி ஒரு லார்ஜ் பிராந்தி போடும் பழக்கம். மெடிக்கல் கடைப் பையனிடம் மெதுவாகக் கேட்டேன். “ஆண்டிபயாடிக் இல்லீங்கள்ல, ஸ்டீராய்டுதானுங்களே” என்றான். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னார்: “குடிக்கற அன்னிக்கு மாத்திரைய விட்டுருங்க மாப்ள, ரெண்டும் மோதாது.” அதைக் கேட்டு இரண்டு சனிக்கிழமை ஸ்டீராய்டை விட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. இந்த யோசனை நம் ஊரில் எல்லா மருந்துக்கும் சொல்லப்படுகிறது, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் காலையில் கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும். வெளியிலிருந்து மாத்திரை மூன்று வாரத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தால், நமக்கு வேலை இல்லை என்று அது தூங்கப் போய்விடும். அந்த நேரத்தில் மாத்திரையைச் சட்டென்று விட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றாகி சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது வரை போகலாம். அதற்காகத்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஒரு வேளை விட்டால் மருந்தின் வேலை உடம்பைவிட்டுப் போய்விடுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வந்த அடித்துப்போட்ட மாதிரி சோர்வு முழுக்க பிராந்தியால் என்றே நினைத்திருந்தேன். குடித்துவிட்டீர்களா, குடித்தாயிற்று, அதற்காக மாத்திரையை விடாதீர்கள்.

ஒரு லார்ஜ் என்றேன் அல்லவா? கடையில் லார்ஜ் என்றால் 60 மில்லி. வீட்டில் நான் ஊற்றும் லார்ஜ் எவ்வளவு என்று ரொம்ப நாள் கழித்து ஒருநாள் அளந்து பார்த்தேன். மகளின் காய்ச்சல் சிரப்போடு வந்த 10 மில்லி மூடியை எடுத்து, வழக்கமான டம்ளரில் வழக்கமான கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அதை மூடி மூடியாக வாஷ்பேசினில் கொட்டி எண்ணினேன். ஆறில் நிற்கும் என்று பார்த்தால் ஒன்பதுக்குப் போனது. ஆக, என் லார்ஜ் ஒரு கட்டிங். நம் ஊர் பிராந்தி, விஸ்கி பாட்டிலில் பொதுவாக 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியென்றால் 60 மில்லியில் சுத்த ஆல்கஹால் 20 கிராம், 90 மில்லியில் 30, குவாட்டருக்கு 60 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரும், 8 சதவீதம் இருந்தால், 40 கிராம் வந்துவிடும். ‘பீர்தானே’ என்பதெல்லாம் சும்மா. பிரிட்டனில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஒரு யூனிட் 8 கிராம், ஆக 112 கிராம். இரண்டு குவாட்டர் அதைத் தாண்டிவிடும். அந்த 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று அறிவித்ததைப் பேப்பரில் படித்துவிட்டு நான் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை எப்படிப் புதன்கிழமைக்கும் பரவியது என்பதைத்தான் வெட்கத்தைவிட்டுச் சொல்ல வேண்டும். காரணம் தூக்கம். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். எனக்குக் காலையில் மறந்துபோகும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாத்திரை போடுவேன், அதனால் ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடப்பேன். ஒரு கட்டிங் போட்டால் அரை மணி நேரத்தில் தூக்கம் வந்தது. நடுராத்திரி மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பு வந்தது வேறு விஷயம். ஆல்கஹால் தூங்கவைத்துவிட்டுப் பின்பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். நாலாவது வாரத்தில் வாரத்துக்கு நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு முப்பது நூற்றியிருபது கிராம். யாராவது கேட்டிருந்தால் அப்போதும் ‘எப்பவாவது’ என்றுதான் சொல்லியிருப்பேன், பொய் என்று நினைக்காமலே. பிறகு டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “மாத்திரை எத்தனை மணிக்குப் போடறீங்க?” காலை எட்டு மணிக்கு டிபனோடு போட ஆரம்பித்து ஒரு வாரத்தில் தூக்கம் பாதிக்குமேல் திரும்பியது. அப்போது வந்த ஆத்திரம் இருக்கிறதே! சல்லிக்காசு செலவில்லாத வைத்தியம்.

ஐந்தாவது வாரம், மார்ச் மாதம், குலதெய்வம் கோயிலில் பங்காளி வீட்டுக் கிடா விருந்து. சாமியானா போட, அண்டா தூக்க என்று வேலை செய்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயந்திரம் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து என் பங்குக்கு இரண்டு கட்டிங். ராத்திரி வலி தாங்காமல் யாரோ கொடுத்த அசெக்ளோஃபெனாக் வலி மாத்திரை. மறுநாள் நானே மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கி காலை, ராத்திரி என்று போட்டேன். செவ்வாய்க்கிழமை மலம் கறுப்பாகப் போனது. பயப்படவே இல்லை. நான்கு மாதம் சிவப்பு ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினவனுக்குக் கறுப்பு என்ன பயத்தைத் தரும்? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகப் போகும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே என்று இருந்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: பெருங்குடல் புண்ணிலிருந்து வரும் ரத்தம் சிவப்பாக வரும், மேலே இரைப்பையிலோ சிறுகுடல் தொடக்கத்திலோ கசிகிற ரத்தம் செரித்துக் கறுப்பாக வரும். இரும்பு மாத்திரையின் கறுப்பு கரும்பச்சை கலந்து, கட்டியாகத்தான் இருக்கும். எனக்குப் போனது ரோட்டுக்கு ஊற்றும் தார் மாதிரி பளபளவென்று, பீங்கானில் ஒட்டிக்கொண்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் போகாமல். அதன் நாற்றம் வேறு ரகம், ஒரு தடவை முகர்ந்தவன் மறக்கமாட்டான். கழிவறைக்குள் நுழைந்த மனைவி, “ஏனுங்க, எலி கிலி செத்துக் கெடக்குதா?” என்றாள். அந்த நிமிஷமே கிளம்பியிருக்க வேண்டும். புதன்கிழமையும் வேலைக்குப் போனேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டேன்.

ஹீமோகுளோபின் 6.8. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் ஒரு ரூபாய்க் காசு அளவு புண், அதிலிருந்து கசிவு. ஊசி போட்டு, கிளிப் வைத்து நிறுத்தினார்கள். வாயால் எதுவும் சாப்பிடக் கூடாது என்ற நேரத்திலும் ஸ்டீராய்டை ஊசியாக ஏற்றினார்கள். நிறுத்தக் கூடாது என்பது எவ்வளவு தீவிரமான விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது. வார்டில் இருந்த டாக்டரம்மாவிடம் இரண்டாம் நாள் கேட்டேன், “பிராந்தியாலங்களா மேடம்?” அவர் சொன்ன பதில் நான் எதிர்பார்த்தது இல்லை. ஸ்டீராய்டுக்கும் ஆல்கஹாலுக்கும் நேரடி மோதல் ஒன்றும் கிடையாது, உடல்நிலை சீராக இருக்கிற நோயாளி ஒருவர் என்றைக்கோ ஒரு ஸ்மால் குடித்தால் அதனால் இப்படி ஆகாது என்றார். பெரிய குற்றவாளி வலி மாத்திரை. ஸ்டீராய்டு தனியாக இரைப்பையைக் கொஞ்சம்தான் கெடுக்கும், கூட டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி ஏதாவது சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு பல மடங்கு ஏறும். அந்த மாத்திரைகள் கொலைடிஸையும் கிளப்பிவிடக்கூடியவை. நான் அதன்மேல் வாரத்துக்கு நான்கு நாள் பிராந்தியை ஊற்றி, காப்புக்கு இருந்த பான்டோபிரசோலையும் எடுத்துவிட்டிருந்தேன். “நீங்க குடிச்சதைவிட, குடிச்சதைச் சொல்லாததுதான் எங்களுக்குப் பிரச்சினை. வாரம் நாலு நாள்னு தெரிஞ்சிருந்தா வலி மாத்திரை, வயித்து மாத்திரை ரெண்டையும் பத்தி உக்காந்து பேசியிருப்போம்” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இனி பணக்கதை. ஐந்து நாளுக்கு பில் 1,18,400 ரூபாய். கம்பெனி மூலம் போட்ட இன்சூரன்ஸ் இருந்தது, கேஷ்லெஸ் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். மறுத்துவிட்டார்கள். ஏன் என்று பார்த்தால், அவசரப் பிரிவில் மனைவி பதற்றத்தில் “தெனமும் குடிப்பாருங்க” என்று சொல்ல, டூட்டி டாக்டர் ‘நாள்பட்ட மதுப்பழக்கம்’ என்று எழுதிவிட்டார். நான் சொன்ன ‘எப்பவாவது’ பழைய ஃபைலில், அவள் சொன்ன ‘தெனமும்’ புதிய ஃபைலில். இரண்டுமே அளவு இல்லாத வார்த்தைகள். மதுப்பழக்கத்துக்கான சிகிச்சைக்குப் பணம் தரமாட்டோம் என்ற விலக்கு நம் நாட்டு மருத்துவ பாலிசிகளில் பொதுவாகவே உண்டு, இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். நிஜமான அளவை நானே சொல்லி ஃபைலில் பதியவைத்து, எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டோடு ‘ஸ்டீராய்டும் வலி நிவாரணியும் சேர்ந்ததால் வந்த புண்’ என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, எழுத்துமூலம் முறையிட்டேன். இரண்டாவது முறை அனுப்பும்போது, தீரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் என்று சேர்த்து எழுதினேன் (அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முறையிட்டு ஒரு மாதம் பார்த்திருக்க வேண்டும்). ஆகஸ்டில் 76,250 வந்தது. மீதி போனது போனதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்கு வருவதற்கு முன்பே வரி வரியாகப் படியுங்கள், தப்பாக இருந்தால் அங்கேயே கேளுங்கள். குடித்ததை மறைக்கச் சொல்லவில்லை. மில்லியில் சொல்லுங்கள், வாரத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

வேறு இரண்டு விஷயம் அந்த ஆஸ்பத்திரி வாசத்தில் தெரிந்தது. எனக்குச் சாப்பாட்டுக்குப் பின்னான சர்க்கரை 246. வெறும் வயிற்றில் 98 என்று வந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். காலையில் போடும் ஸ்டீராய்டு சர்க்கரையை மதியத்துக்கு மேல்தான் ஏற்றும், வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இன்னொன்று இடுப்பு எலும்பு. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போகும் நோய்க்கு, அடிபடாமல் வருகிற காரணங்களில் முதல் இரண்டு ஸ்டீராய்டும் ஆல்கஹாலும்தானாம். என் இடுப்பு வலிக்காக எம்ஆர்ஐ எடுத்தார்கள், வெறும் தசைப்பிடிப்பு என்று வந்தது. ரிப்போர்ட் வருவதற்கு முன் இருந்த அந்த ஒரு ராத்திரியைப் பற்றி எழுத விரும்பவில்லை. எடை குறைவான மனிதர்கள், ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள், ஈரலில் கொழுப்பு என்று சொல்லப்பட்டவர்கள் என் கணக்கைத் தங்கள் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டோடு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல்தான் முக்கியம், அவர்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு நம் ஊரில் கைக்கு வந்தபடி எழுதும் மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும், முடித்த பிறகு இரண்டு நாளும் மது வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை.

ஸ்டீராய்டை மறுபடி முறையாகக் குறைத்து மே மாதம் முடித்தேன். அந்த நாட்களில் ஒரு சொட்டும் தொடவில்லை. ஒரு சொட்டில் உயிர் போய்விடும் என்பதற்காக இல்லை. தூங்காமல், பசியில், எரிச்சலில், எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி தோன்றுகிற அந்த மனநிலையில் என் கை ஊற்றும் அளவை நானே நம்பத் தயாராக இல்லை. விருந்துகளில் “மாத்திரை சாப்பிடறேனுங்க” என்றால் வற்புறுத்துவார்கள், “ரத்த வாந்தி எடுத்தேனுங்க” என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னால் விட்டுவிடுவார்கள், மச்சானைத் தவிர. வலி என்றால் இப்போது பாராசிட்டமால் மட்டும், அதுவும் கேட்டுவிட்டு.

இப்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கிற அசத்தியோப்ரின் என்ற மாத்திரையில் இருக்கிறேன், குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை ரத்த அணுக்களும் ஈரலும் பார்க்க வேண்டும். போன தடவை செக்கப்புக்குப் போனபோது டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார், பக்கத்தில் மனைவியும் இருந்தாள். “மாசத்துல ரெண்டு தடவை சார். ஒரு தடவைக்கு 60 மில்லி. அளந்துதான் ஊத்தறேன்” என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, “எதுல அளக்கறீங்க?” என்றார். சிரப் மூடி என்று சொல்வதற்குள் மனைவியே சொல்லிவிட்டாள். ஈரல் டெஸ்ட் சரியாக இருக்கும்வரை பார்க்கலாம், அதற்குமேல் ஏற்றாதீர்கள், மறுபடி ஸ்டீராய்டு தொடங்க வேண்டி வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஃபைலில் ‘60 மிலி, மாதம் 2’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.